தண்ணீரில் பிறந்ததா, தண்ணீர் வற்றிப் பிறந்ததா? உயிரின் தொடக்கம் பற்றிய வேதியியல் விவாதம்

உயிர் வாழத் தண்ணீர் வேண்டும். ஆனால் உயிருக்கு வேண்டிய பெரிய மூலக்கூறுகள் முதன்முதலில் உருவாக, அதே தண்ணீர்தான் தடையாக நிற்கிறது. முதல் உயிர் எங்கே, எப்படித் தோன்றியது என்று வேதியியலாளர்கள் நூறு ஆண்டுகளாக நடத்திவரும் விவாதத்தில் பெரும்பகுதி இந்த முரணைச் சுற்றித்தான் ஓடுகிறது. காரைக்குடிப் பக்கம் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இது மனதுக்கு மிக நெருக்கமான பாடம். பாடப் புத்தகமோ ஒரு கண்ணாடிக் குடுவைப் படத்தைக் காட்டிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்வோம். உயிரின் தோற்றமும் பரிணாமமும் ஒன்றல்ல. இருக்கிற உயிர் தலைமுறை தலைமுறையாக எப்படி மாறுகிறது என்பதைச் சொல்வது பரிணாமம். அந்த முதல் உயிரே எப்படி வந்தது என்பது அதற்கு முந்தைய கேள்வி.

அடுத்தது, “உயிரிலிருந்துதான் உயிர் வரும் என்று லூயி பாஸ்டர் நிரூபித்துவிட்டாரே?” என்ற கேள்வி. நன்றாகக் கொதிக்கவைத்த சாறு, காற்றிலிருக்கும் தூசி உள்ளே விழாதவரை கெடாது என்று 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் காட்டினார். இன்றைய உலகில், சில நாட்களுக்குள், முழு நுண்ணுயிர் ஒன்று தானாக முளைத்துவிடாது என்பதுதான் அதன் பொருள். இங்கே நாம் பேசுவது கோடிக்கணக்கான ஆண்டுகளில் படிப்படியாக நடந்திருக்கக்கூடிய ஒன்று. அப்போது காற்றில் ஆக்சிஜன் கிடையாது. உருவாகும் பொருளைத் தின்றுவிட வேறு உயிரும் கிடையாது. டார்வினே 1871இல் தம் நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் இதைக் கவனித்திருக்கிறார். வெதுவெதுப்பான சிறு குட்டை ஒன்றில் புரதம் போன்ற ஒரு பொருள் உருவாகியிருக்கலாம் என்று ஊகித்தவர், இன்றைக்கு அப்படி ஒன்று உருவானால் அதை வேறு உயிர்கள் உடனே விழுங்கிவிடும் என்றும் சேர்த்தே எழுதினார்.

பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில், நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காக விட்டுச்சென்ற பாறைப் படிவுகள் சுமார் 348 கோடி ஆண்டுகள் பழமையானவை. எல்லா உயிர்களுக்கும் பொதுவான கடைசி மூதாதை வாழ்ந்தது சுமார் 420 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று மரபணுக்களை ஒப்பிட்டு 2024இல் ஓர் ஆய்வு கணித்தது. அது சரியென்றால், பூமி குளிர்ந்த கொஞ்ச காலத்திலேயே உயிர் வந்துவிட்டது.

இனி அந்தக் குடுவைக்கு வருவோம். ரஷ்யாவில் ஓப்பாரின் 1924இலும், இங்கிலாந்தில் ஹால்டேன் 1929இலும், ஒருவரை ஒருவர் அறியாமலேயே ஏறக்குறைய ஒரே கருத்தைச் சொன்னார்கள். ஆதிகாலக் காற்றில் ஆக்சிஜன் இல்லை. மின்னலும் சூரியனின் புற ஊதாக் கதிரும் எளிய வாயுக்களைக் கரிமப் பொருட்களாக மாற்றின. அவை கடலில் சேர்ந்து அடர்ந்தன என்பது அந்தக் கருத்து. (இந்த ஹால்டேன் பிற்பாடு இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானார்.) இதைச் சோதித்துப் பார்த்தவர் சிகாகோ பல்கலைக்கழக மாணவர் ஸ்டான்லி மில்லர். பேராசிரியர் ஹெரால்டு யூரேயின் வழிகாட்டுதலில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றை மூடிய கண்ணாடிக் கருவிக்குள் சுற்றவிட்டு, மின்னலுக்குப் பதிலாக மின்பொறி கொடுத்தார். முதல் நாளுக்குப் பிறகே நீர் இளஞ்சிவப்பாக மாறியது. வாரக் கடைசியில் கருஞ்சிவப்பாகிக் கலங்கியது. அதில் கிளைசின், அலனின் முதலிய அமினோ அமிலங்கள் இருந்தன. புரதங்கள் கட்டப்படுவது இவற்றால்தான்.

இந்த முடிவு வெளியானது 1953இல். அதே ஆண்டில்தான், மரபுக் குறிப்பைச் சுமக்கும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவம் தெரியவந்தது. எங்கள் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டதும் அதே 1953தான். இந்த மூன்றையும் ஒரே வரியில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு. மின்வேதியியலுக்கும் உயிரின் தோற்றத்துக்கும் உள்ள உறவு பிறகு வரும்.

மில்லரின் சோதனைக்கு வந்த முக்கியமான எதிர்ப்பு, அவர் எடுத்துக்கொண்ட வாயுக்களைப் பற்றியது. ஆதிகாலக் காற்று பெரும்பாலும் எரிமலைகள் கக்கியது; அதில் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும்தான் அதிகம் இருந்திருக்கும், மீத்தேனும் அம்மோனியாவும் அவ்வளவு இருந்திருக்காது என்று புவியியலாளர்கள் பின்னாளில் சொன்னார்கள். அந்தக் கலவையில் மின்பொறி பாய்ச்சினால் விளைச்சல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நியாயமான எதிர்ப்புதான். ஆனாலும் எரிமலை வாய்களை ஒட்டிய சிறு பகுதிகளில் மில்லர் பயன்படுத்தியது போன்ற கலவை இருந்திருக்கலாம். மில்லர் மறைந்த பிறகு, அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய மாதிரிகளை அவருடைய மாணவர் ஜெஃப்ரி பாடாவின் குழு புதிய கருவிகளால் சோதித்தது. எரிமலை நீராவியைப் போல ஆவி பீய்ச்சிய ஒரு சோதனையின் மாதிரியில் 20க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் இருந்ததாக அவர்கள் 2008இல் அறிவித்தார்கள்.

வானத்திலிருந்தும் சரக்கு வந்திருக்கிறது. 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரருகே ஒரு விண்கல் விழுந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருப்பதை நாசாவில் பணியாற்றிய சிரில் பொன்னம்பெருமாவின் குழு 1970இல் காட்டியது. இலங்கையின் காலியில் பிறந்த பொன்னம்பெருமா, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டம் பெற்றுவிட்டு வேதியியலுக்கு வந்தவர். தத்துவத்திலிருந்து ஒருவர் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆகவே கட்டுமானச் சரக்குக்குப் பெரிய பஞ்சம் இருந்திருக்காது என்பதில் இன்று பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். உண்மையான சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது.

ஓர் அமினோ அமிலம் இன்னோர் அமினோ அமிலத்தோடு இணையும்போது, ஒன்றிலிருந்து ஆக்சிஜனும் ஹைட்ரஜனும், மற்றதிலிருந்து ஒரு ஹைட்ரஜனும் கழன்று, ஒரு நீர் மூலக்கூறாக வெளியேறுகின்றன. டி.என்.ஏ., அதன் நெருங்கிய உறவான ஆர்.என்.ஏ. ஆகிய சங்கிலிகளில் ஒவ்வொரு கண்ணி சேரும்போதும் இதே கதைதான்: ஓர் இணைப்பு, ஒரு நீர் மூலக்கூறு வெளியே. சுற்றிலும் தண்ணீராகவே இருந்தால் வினை எதிர்த்திசையில் தள்ளப்படும். சேர்ந்ததைத் தண்ணீரே வெட்டிவிடும். நீராற்பகுப்பு என்று வகுப்பில் படித்தது இதைத்தான். நம் உடலின் செல்கள், வினைகளைத் தூண்டும் நொதிகளையும், சேமித்த ஆற்றலையும் கொண்டு இந்தத் தடையை ஒவ்வொரு நொடியும் தாண்டுகின்றன. நொதியே இல்லாத காலத்தில் எப்படித் தாண்டியிருக்கும்?

செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு விடையை விளக்குவது எளிது. எங்கள் ஊர்களில் வற்றாத ஆறு இல்லை. மழைநீரைத் தேக்கும் ஊருணிதான் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் செம்புராங்கல் படிவரை நீர் தளும்பும். தை, மாசியில் இறங்க ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் பல ஊருணிகள் அடிவரை வற்றி, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வற்றும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஊருணி முழுக்கக் கரைந்து பரவியிருந்த உப்பும் மற்ற பொருட்களும், நீர் குறையக் குறைய நெருங்கி வந்து, கடைசியில் ஓரங்களில் வெள்ளைப் பொருக்காகப் படிகின்றன. மறுபடி மழை பெய்தால் எல்லாம் கரைந்து கலக்கும், திரும்பவும் வற்றும்.

இந்த நனைதலும் உலர்தலும்தான் ஒரு தரப்பு விஞ்ஞானிகளின் துருப்புச்சீட்டு. உலரும்போது மூலக்கூறுகள் நெருக்கமாகின்றன. வெளியேறும் நீர் ஆவியாகிப் போய்விடுவதால் இணைப்புகள் உண்டாக வழி கிடைக்கிறது. நனையும்போது உண்டானவை கலந்து, புதிய கூட்டாளிகளைச் சந்திக்கின்றன. சிலவற்றைத் தண்ணீர் வெட்டிவிடும், சில தப்பும். சுற்று திரும்பத் திரும்ப நடந்தால் நீளமான சங்கிலிகள் சேரும். அமெரிக்காவின் டேவிட் டீமர் இந்தத் தரப்பின் முக்கியமான குரல். அவருடைய ஆய்வுக்கூடத்தில் சுதா ராஜாமணியும் சக ஆய்வாளர்களும், ஆர்.என்.ஏ.யின் தனிக் கண்ணிகளைக் கொழுப்பு மூலக்கூறுகளோடு கலந்து, சூடாக்கி உலர்த்தி நனைத்து, ஆர்.என்.ஏ. போன்ற சங்கிலிகள் உருவாவதை 2008இல் காட்டினார்கள். ராஜாமணி இப்போது புனே ஐசர் நிறுவனத்தில் இதே துறையில் ஆய்வுக்கூடம் நடத்துகிறார். கொழுப்பைக் கலப்பதில் ஒரு காரணம் உண்டு. கொழுப்பு மூலக்கூறுகள் உலரும்போது அடுக்கடுக்காகப் படிந்து, நனையும்போது சிறு குமிழ்களாகச் சுருண்டுகொள்ளும். நடுவில் மாட்டிய சங்கிலிகள் குமிழுக்குள் அடைபடும். செல்லுக்கு ஒரு சுவர் வேண்டுமே, அதற்கான முதல் மாதிரி இது. மர்ச்சிசன் விண்கல்லிலிருந்து பிரித்தெடுத்த பொருட்களே இப்படிக் குமிழ்களாவதை டீமர் 1985இலேயே கண்டிருந்தார்.

நம் ஊருணியின் வெயில் சூடு இதற்குப் போதாது. எரிமலை நிலத்தின் வெந்நீர்க் குட்டைகளைத்தான் இவர்கள் மனதில் வைத்திருக்கிறார்கள். பில்பராவின் 348 கோடி ஆண்டுப் பாறைகளில், நிலத்து வெந்நீர் ஊற்றுகளில் மட்டும் படியும் ஒருவகைச் சிலிக்காப் படிவு இருப்பது 2017இல் தெரியவந்தபோது இவர்களுக்குக் கூடுதல் தெம்பு வந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உயிர் அங்கே வாழ்ந்தது என்பதற்குத்தான் அது சான்று, அங்கேயே பிறந்தது என்பதற்கு அல்ல.

எதிர்த்தரப்பு கடலடியைக் காட்டுகிறது. 1977இல் காலபகஸ் தீவுகளருகே ஆழ்கடலில் வெந்நீர் ஊற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டன. பிறகு ஆழ்கடலில் வேறிடத்தில் கண்ட கரும்புகை ஊற்றுகள் மிகவும் சூடானவை. அந்தச் சூட்டில் கரிமப் பொருட்கள் சிதைந்துவிடும் என்று மில்லரே கடுமையாக வாதாடினார். ஆனால் இன்னொரு வகை ஊற்று இருக்க வேண்டும், அது மிதமான சூடும் காரத்தன்மையும் கொண்டிருக்கும் என்று புவியியலாளர் மைக்கேல் ரஸ்ஸல் 1980களின் கடைசியிலேயே சொல்லியிருந்தார். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அட்லாண்டிக் கடலடியில் அப்படியே ஒன்று அகப்பட்டது. ‘லாஸ்ட் சிட்டி’ என்று பெயரிட்டார்கள். 40 முதல் 90 டிகிரி வெப்பம், வெள்ளைவெளேரென்ற சுண்ணாம்புக் கோபுரங்கள், சில 60 மீட்டர் உயரம். கோட்பாடு முதலில் வந்து, இடம் பிறகு கிடைத்த அழகான சம்பவம் இது.

இங்கேதான் மின்வேதியியல் நுழைகிறது. ஊற்றின் நீர் காரம். அந்தக் காலக் கடல், நிறையக் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருந்ததால், இலேசான அமிலம். இரண்டுக்கும் நடுவே இரும்பும் கந்தகமும் கலந்த மெல்லிய கனிமச் சுவர். சுவரின் ஒரு பக்கம் புரோட்டான்கள் (ஹைட்ரஜன் அயனிகள்) அதிகம், மறுபக்கம் குறைவு. அதாவது, யாரும் செய்துவைக்காத ஒரு மின்கலம் கடலடியில் ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும். இன்றைக்கு உங்கள் உடலின் செல்களிலும் ஒரு சவ்வின் இருபுறமும் இருக்கும் புரோட்டான் வேறுபாட்டிலிருந்துதான் ஆற்றல் எடுக்கப்படுகிறது. பீட்டர் மிட்செல் 1961இல் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. பாக்டீரியா முதல் பனைமரம் வரை இந்த வழக்கம் இருக்கிறதென்றால், அது மிகப் பழைய சொத்தாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள் கடலடித் தரப்பின் நிக் லேனும் வில்லியம் மார்ட்டினும். இரும்பு, நிக்கல், கந்தகம் கலந்த கனிமத் தடுப்பின் இருபுறமும் காரமும் அமிலமும் பாயவிட்டால், ஹைட்ரஜனின் உதவியால் கார்பன் டை ஆக்சைடு ஃபார்மேட்டாக மாறுவதை 2020இல் ஒரு குழு செய்தும் காட்டியது. சின்ன மூலக்கூறுதான்; ஆனால் வெறும் வாயுவிலிருந்து கரிமப் பொருளுக்கான முதல் படி அதுதான்.

சரி, கடலடியில் தண்ணீரிலிருந்து தப்புவது எப்படி? இந்தத் தரப்பின் பலவீனம் அங்கேதான் என்று நினைக்கிறேன். கோபுரங்களின் நுண்துளைகளில் சூடு ஒரு பக்கமும் குளிர் மறுபக்கமும் இருந்தால் மூலக்கூறுகள் தாமாகவே ஓரிடத்தில் குவியும் என்று காட்டியிருக்கிறார்கள். கடலுப்பில் கொழுப்புக் குமிழ்கள் உடைந்துவிடும் என்ற எதிர்ப்புக்கு, பல வகைக் கொழுப்புகள் கலந்தால் காரமான உப்புநீரிலும் குமிழ்கள் நிற்கும் என்று லேனின் குழு 2019இல் பதில் வைத்தது. இருந்தாலும் நீளமான ஆர்.என்.ஏ. சங்கிலி என்று வரும்போது உலர்நிலத் தரப்பின் கை இன்னும் ஓங்கியிருக்கிறது. ஓயாத ஆற்றல் ஓட்டம் என்று வந்தால் கடலடித் தரப்பு வெல்லும். அவர்களுக்கு இன்னொரு வாதமும் உண்டு: 400 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியில் நிலப்பரப்பே குறைவு, குட்டைகளை எங்கே தேடுவது?

விண்வெளியிலிருந்து உயிரே நேராக வந்து இறங்கியது என்று சொல்பவர்களும் உண்டு. அது கேள்வியை வேறோர் இடத்துக்குத் தள்ளுகிறதே ஒழிய, விடை ஆகாது.

இடச் சண்டையோடு பின்னிக்கிடக்கிறது இன்னொரு சண்டை: எது முதலில்? டி.என்.ஏ.யைப் படியெடுக்கப் புரதம் வேண்டும். புரதத்தைக் கட்டும் குறிப்பு டி.என்.ஏ.யில் இருக்கிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று எப்படி வரும்? தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் 1980களின் தொடக்கத்தில், ஆர்.என்.ஏ.யே நொதியைப் போல வினையைத் தூண்டும் என்று கண்டுபிடித்தபோது முடிச்சு கொஞ்சம் தளர்ந்தது. குறிப்பைச் சுமக்கவும் வேலையைச் செய்யவும் ஒரே மூலக்கூறு போதும் என்றானது. ‘ஆர்.என்.ஏ. உலகம்’ என்று வால்டர் கில்பர்ட் 1986இல் பெயர் வைத்தார். இதற்குக் கிடைத்த மிக வலுவான ஆதாரத்தில் நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கும் பங்கு உண்டு. எல்லாச் செல்களிலும் புரதத்தைக் கட்டும் இயந்திரமான ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக அவரும் தாமஸ் ஸ்டைட்ஸும் அடா யோனத்தும் 2009இல் நோபல் பெற்றார்கள். அமினோ அமிலங்களை இணைக்கும் அதன் மையப்பகுதி புரதம் அல்ல, ஆர்.என்.ஏ. புரதத்தையே ஆர்.என்.ஏ. கட்டுகிறது! ஆர்.என்.ஏ. அரசாண்ட காலத்தின் மிச்சம் நம் ஒவ்வொரு செல்லிலும் இன்றும் ஓடுகிறது என்று இதை வாசிக்கலாம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

ஆனால் அந்த ஆர்.என்.ஏ. எங்கிருந்து வந்தது? 2009இல் ஜான் சதர்லாந்தின் குழு, எளிய மூலக்கூறுகளிலிருந்து ஆர்.என்.ஏ.யின் நான்கு கண்ணிகளில் இரண்டை உருவாக்க ஒரு புதிய பாதையைக் கண்டது. பாராட்டு குவிந்தது, கூடவே விமர்சனமும்: சுத்தமான வேதிப்பொருளை எடுத்து, சரியான அளவில், சரியான நேரத்தில் சேர்த்தது வேதியியலாளரின் கை, குட்டையில் அந்தக் கை எங்கே? இந்தத் துறையில் எந்தச் செய்தியைப் படித்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். கடலடித் தரப்போ, முதலில் வந்தது குறிப்பு அல்ல, ஓயாமல் ஓடும் வேதிவினைச் சுற்றுதான் என்கிறது.

படியெடுத்தலும் பாதிதான் நடந்திருக்கிறது. ஜெரால்டு ஜாய்ஸின் குழு உருவாக்கிய ஓர் ஆர்.என்.ஏ. நொதி, இன்னொரு சிறிய ஆர்.என்.ஏ. நொதியை, அது வேலை செய்யும் அளவுக்குத் துல்லியமாக, திரும்பத் திரும்பப் படியெடுப்பதாக 2024இல் அறிவித்தார்கள். தன்னையே முழுதாகப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. இன்னும் கையில் இல்லை.

“இதெல்லாம் கடவுளை மறுக்கிறதா சார்?” என்று கோயில் சூழ்ந்த எங்கள் ஊர்களில் கேட்காமல் இருக்க மாட்டார்கள். எந்த வழியில் நடந்தது என்பதைத்தான் வேதியியல் தேடுகிறது. குன்றக்குடி அடிகளார் மடத்துத் தலைவராக இருந்துகொண்டே காரைக்குடி மின்வேதியியல் விஞ்ஞானிகளைத் தம் கிராமத்துக்கு அழைத்து வந்தவர். அவரை அறிந்த பெரியவர்கள் வீட்டில் இந்தக் கேள்வி சண்டையாக மாறி நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு புதிர். அமினோ அமிலங்கள் பெரும்பாலும் இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்களில் இருக்கும். மில்லரின் குடுவையில் இரண்டும் சம அளவில் உருவாகும். உயிரோ புரதங்களுக்கு இடக்கை வடிவத்தை மட்டும் எடுக்கிறது, ஆர்.என்.ஏ.யின் சர்க்கரையில் வலக்கை வடிவத்தை மட்டும். மர்ச்சிசன் போன்ற விண்கற்களின் சில அமினோ அமிலங்களில் பிற்பாடு இடக்கை வடிவம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததால், இந்தச் சாய்வு வானத்திலிருந்தே வந்தது என்று பலர் நம்பினார்கள். 2023 செப்டம்பரில் நாசாவின் விண்கலம் பென்னு என்ற சிறுகோளிலிருந்து சுமார் 121 கிராம் மண்ணைக் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் வந்த முடிவுகளின்படி, உயிர்கள் புரதத்துக்குப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.யின் குறிப்பை எழுதும் எழுத்துகளான ஐந்து காரங்களும் இருந்தன. உப்புநீர் வற்றி உறைந்த படிவுகளும் இருந்தன. ஆனால் இடக்கையும் வலக்கையும் ஏறக்குறைய சரிபாதி. வானத்துச் சாய்வு என்ற விளக்கம் இதனால் வலுவிழந்திருக்கிறது.

அதற்கு மாற்றாக 2023இல் ஹார்வர்டில் ஃபுர்கான் ஓஸ்டர்க், டிமிடர் சசேலோவ் ஆகியோர் சதர்லாந்தோடு சேர்ந்து வேறொரு வழியைக் காட்டினார்கள். காந்தமேறிய மேக்னடைட் கனிமப் பரப்பின் மீது, ஆர்.என்.ஏ.க்கு முன்னோடியான ஒரு சேர்மத்தைப் படியவிட்டபோது, இரண்டு வடிவங்களும் கலந்த கரைசலிலிருந்து ஒரு கை வடிவமே மேலோங்கிப் படிகமானது. மறுபடி படிகமாக்கியதும் அந்த ஒரு வடிவம் மட்டும் மிஞ்சியது. மேக்னடைட் பழங்கால ஏரிப் படிவுகளில் கிடைக்கும் சாதாரண இரும்புக் கனிமம்தான். அந்தக் கனிமத்தை ஒரே திசையில் காந்தமேற்ற ஆய்வுக்கூடக் காந்தம் எதுவும் இல்லாத காலத்தில், பூமியின் மெல்லிய காந்தப்புலமே போதுமா என்பது அடுத்த கேள்வி.